நீல எனாமலில் வைத்த பொட்டு

என் அப்பாவுக்கு,

விடிய, கடைப் பூட்டின் திறப்பை எடுக்கும்போது இதைக் காண்பீர்கள். நீங்களும் அம்மாவும் நித்திரை. நேரே சொல்ல எனக்குப் பயம்.

அந்தத் தங்கப் பொக்கெற் மணிக்கூட்டை, கடையில் உங்களோடு வேலை செய்யும் காளியப்பன் அங்கிள் பழுதாக்கவில்லை. சரஸ்வதி பூசைக்கு உங்கள் திருத்தும் ஆயுதங்களையெல்லாம் படத்துக்கு முன் வைத்தீர்கள். திருத்த வந்த அந்த மணிக்கூடு மேசையில் இருந்தது. இருநூறு வருடங்களுக்கு முன் லண்டனில் ஒருவர் தன் பெயரை உள்ளே வெட்டிச் செய்தது என்று எனக்குக் காட்டினீர்கள். கடையில் அதைவிட வடிவான பொருள் இல்லை. அதையும் படத்தடியில் வைத்து, அதன் நீல எனாமல் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். மறுநாள் அது காய்ந்து இறுகியிருந்தது. உங்கள் மெல்லிய திருப்புளியால் சுரண்டினேன். எனாமல் கண்ணாடி மாதிரித் தெறித்தது. பயத்தில் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

இன்று கடையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நீங்கள் காளியப்பன் அங்கிளிடம், "பத்து வருஷமா என்னோட நிண்டனீர், ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நாளைக்கு வரவேண்டாம்" என்றீர்கள்.

"சாமி சத்தியமா நான் தொடவே இல்லீங்க, மொதலாளி" என்று அவர் அழுதார். நான் பள்ளிச் சீருடையோடு பக்கத்தில் நின்றேன்.

விடிந்ததும் பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு, அவர் வீட்டுக்குப் போகிறேன். பிறகு மணிக்கூட்டின் சொந்தக்காரரிடமும் போய்ச் சொல்வேன். என்னைத் தடுக்க வரவேண்டாம். அடிக்க வேண்டுமென்றால் அங்கே வாருங்கள். அவர் பார்க்க அடியுங்கள்.

உங்கள் மகள்