எலுமிச்சைத் தம்ளரும் சோடாத் தம்ளரும்

லாத்தா,

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். கட்டிலில் என் மகன் முத்து. அவன் தலைமாட்டில் அவன் மனைவி மா தின். அடுப்படி வாசலில் நான். முக்காலியில் நீங்கள், எங்கள் தெரு மருந்துக்கடை அக்கா. நடுவீட்டில், சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு நின்ற என் கொழுந்தன். அவன் பெயரைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் எனக்குக் கை ஓடாது.

இன்று காலை மா தின் பட்டாணி ஊறப்போட்டாள். சமையல் சோடா டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். எனக்கு உங்கள் விரல் தெரிந்தது.

முத்துவுக்குப் பெருங்குடலில் புண். ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தான். டாக்டர் செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதில் நிற்காவிட்டால் குடலை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றார். எங்கள் தாமுவே வட்டாரத்தில் அந்த மாத்திரை உங்கள் கடையில்தான் இருந்தது. சில நாள் தின்றும் ரத்தம் நிற்கவில்லை.

கொழுந்தன் வந்தான். ஒரு தம்ளரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மாத்திரை ஒன்றைப் போட்டான். போலி மருந்தைக் கண்டுபிடிக்கும் வழியாம். சோறு வெந்து வடித்த பிறகும் அது கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. மிச்ச அட்டைகளைக் கையில் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, டீக்கடையில் இருந்தவர்கள் காதுபடக் கத்திவிட்டு, உங்களைக் கடையிலிருந்து கையோடு கூட்டிவந்தான்.

“பாருங்க லாத்தா. சாயம் பூசின சுண்ணாம்ப வித்திருக்கீங்க. வயித்துல இருக்கிறதும் புளிப்புத்தான? இதுல கரையாதது அங்க எப்படிக் கரையும்?”

நீங்கள் கோபப்படவில்லை. தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள்.

“சரியாத்தான் சொல்றீங்க தம்பி. வயித்துல கரையாது. கரையக் கூடாதுன்னுதான் மேல ஒரு சவ்வு பூசியிருக்காங்க. புண்ணு வயித்துலயா இருக்கு? கீழ, பெருங்குடல்லதான இருக்கு. அங்க புளிப்புக் கிடையாது. புளிப்பு இல்லாத இடத்துக்குப் போனாத்தான் அந்தச் சவ்வு விடும்.”

“கதை நல்லா இருக்கு. எல்லாத்தையும் சாக்கடையில போடப் போறேன்.”

“போடலாம். அதுக்கு முன்னாடி, தங்கச்சி, சோடா இருக்கா?”

மா தின்தான் “இருக்கு அமே” என்று, பர்மிய வழக்கில் உங்களை அம்மா என்றழைத்து, டப்பாவைக் கொண்டுவந்தாள். வேறொரு தம்ளர் தண்ணீரில் சோடாவைக் கலக்கி, எலுமிச்சைச் சாற்றில் கிடந்த அதே மாத்திரையைக் கரண்டியால் எடுத்துக் கழுவி அதில் போட்டீர்கள். புது மாத்திரை போட்டிருந்தால் அவன் அதற்கும் ஒரு குற்றம் சொல்லியிருப்பான்.

பிறகு காத்திருந்தோம். உங்கள் கடை திறந்து கிடந்தது. நீங்கள் முக்காலியை விட்டு எழவில்லை. மா தின் தேத்தண்ணீர் போட்டாள். மாத்திரை அசையவில்லை.

“என்ன லாத்தா, மந்திரம் போடுறீங்களா?”

“மந்திரம் தெரிஞ்சா முதல்ல உங்க வாயைக் கட்டியிருப்பேன். வீட்டுக்குள்ள வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் மழைக்கோட்டக் கழட்டல நீங்க. அந்த மாத்திரைக்காவது வீடு எது தெருவு எதுன்னு தெரியும்.”

கட்டிலில் முத்து சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

சிரிப்பு அடங்கும்போது மா தின் தம்ளரைக் காட்டினாள். செங்கல் நிறம் தண்ணீரில் புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. மேல்தோல் சுருங்கி, ஓரத்தில் கிழிந்து, உள்ளேயிருந்த மருந்து மாவாக உதிர்ந்தது. முத்து கையை நீட்டினான்.

“சித்தப்பா, அட்டையக் குடுங்க.”

கொடுத்தான். வேறு வழி?

போகும்போது என்னிடம் சொன்னீர்கள்: “பல்லுல கடிக்க விடாதீங்க. இடிச்சும் குடுத்துடாதீங்க. மெல்லத்தான் கேக்கும், தங்கச்சி. அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க.” நான் நிறுத்தவில்லை. ரத்தம் குறைந்தது, பிறகு நின்றது. குடல் அவனுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அலோன் கப்பல்துறையில் வேலைக்குப் போகிறான். நான் கட்டிக்கொடுக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்று குறை சொல்கிறான். அந்தக் குறையைக் கேட்கும்போதெல்லாம் உங்களை நினைக்கிறேன்.

ஆனால் டீக்கடையில் கொழுந்தன் கத்தியது தெருவில் தங்கிவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்க உங்கள் கடைப்படியில் ஈரக் கால்தடமே இல்லை. “நீ போட்ட பேச்சு, நீயே போய் எடு” என்றேன். “அதெல்லாம் ஜனங்க மறந்திருப்பாங்க அண்ணி” என்றான். கடைசியில் நானே இரண்டு தம்ளரையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் சோடா டப்பாவையும் ஒரு மாத்திரையையும் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். முதலில் சிரித்தார்கள். மாத்திரை உதிர்ந்ததும் பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்தார்கள். உங்களுக்குச் செய்ய எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

“விடுங்க தங்கச்சி, பாவம், அண்ணன் மகன்னு பயந்துட்டாரு” என்று நீங்கள் அவனை மன்னித்தீர்கள். உங்கள் மனசு அப்படி. நீங்கள் கற்றுக்கொடுத்த பொறுமையை நான் மருந்துக்கு வைத்துக்கொண்டேன், மனுஷருக்கு வைத்துக்கொள்ளவில்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் திரும்பும்போது, அவன் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு வந்தான்: “நல்ல மருந்து வித்த கடை. நான் அப்பவே சொன்னேன்.”

இரண்டு தம்ளரும் என்னிடம் இருக்கின்றன. வேறு எதற்கும் அவற்றை எடுப்பதில்லை. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தேத்தண்ணீர் உண்டு லாத்தா. தங்கவேலுவுக்குக் கிடையாது.