கீழ்த்தாடையில் ஒரு திருகாணி

2024 ஜூன் 11, செவ்வாய்

நாளை பத்து மணிக்குப் பல் டாக்டர் அனுராதா என் கீழ்த்தாடை எலும்பில் திருகாணி இறக்குகிறார். அதன் தலையில் பல் வைக்க இன்னும் மூன்று மாதம். இதே இடத்தில் முன்பு வேறொருவர் போட்டது ஒரே வருஷத்தில் கழன்று, எலும்பையும் கரைத்துவிட்டுப் போனது. இதுவும் போனால் திருகுவதற்கு அங்கே எலும்பு மிச்சமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இடுப்பு எலும்பை வெட்டி ஒட்டவேண்டுமாம். பயமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை எழுதுகிற எழுத்தா இது? ஆனாலும் பயம்தான்.

திருகாணியைப் பெரிதாக்கிப் படம் காட்டினார். மணல் அடித்து, ஆசிட்டில் அரித்து, உடம்பெல்லாம் குழி. பேட்டைப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக இரும்பு கடைகிற லேத் ஓட்டுகிறேன். இப்படி ஒரு பீஸைக் கொண்டுபோய் வைத்தால் முதலாளி தாஜ் முகம்மது அண்ணாச்சி என் தலையிலேயே எறிவார்.

"இதுக்குப் பாலிஷ் கிடையாதா டாக்டர்?"

"வழவழன்னு இருந்தா எலும்பு எதைப் பிடிச்சு வளரும்? கழுத்து மட்டும் வழவழப்பு. அங்க அழுக்கு ஒட்டக் கூடாது."

ஜூன் 12

முடிந்தது. துளை போடுகிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். அதுதான் மோசம்.

ஜூன் 21

தையல் பிரித்தார்கள். ஈறுக்கு மேலே சின்ன மூடி மட்டும் தெரிகிறது. "முதல்ல மரைதான் பிடிச்சு நிக்கும். மூணு நாலு வாரத்துல அந்தப் பிடி குறையும். அதுக்கப்புறந்தான் புது எலும்பு கூடும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீங்க, நாக்கால கூடத் தொடாதீங்க" என்றார் டாக்டர். எதற்கு இதை என்னிடம் சொன்னார்?

ஜூலை 9

ஆடுகிறது.

ஜூலை 10

ஆடத்தான் செய்கிறது. ஆடுகிற மரையைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்ததே கிடையாது. கை தானாகப் போய்விடும். மதியம் பட்டறைக் கண்ணாடி முன்னால் நின்று, மரை முடுக்குகிற சின்ன ஆலன் கீயை வெந்நீரில் கழுவி, மூடியில் விட்டுக் கால் சுற்று கொடுத்தேன். காதுவரை ஒரு வலி. எச்சிலில் ரத்தம். ஐயோ, என்ன செஞ்சு தொலைச்சேன்! பிடி குறையுற வாரம்னு சொன்னாங்களே – அந்த வாரம் பாத்தா?

அண்ணாச்சி பார்த்துவிட்டார். "உமக்கென்ன மரை கழண்டுட்டா வே, பாக்கியசீலன்? ஆஸ்பத்திரிக்கு ஓடும் வே!"

போகவில்லை. போனால் உண்மையைச் சொல்லிவிடுவார்களே.

ஜூலை 12

வீட்டுக்காரி ஜெசி கண்டுபிடித்துவிட்டாள். "சோறு அப்படியே கெடக்கு. என்னத்த மறைக்குதிய?" சொன்னேன். திட்டவில்லை. அதில் இன்னும் பயந்தேன். ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

டாக்டர் மூடியைக் கழற்றி, ஒரு கருவியைப் பக்கத்தில் காட்டி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ஆடுனது மூடிதான், திருகாணி இல்ல. ஆனா நீங்க முறுக்குனது உள்ளயும் போயிருக்கு. போட்ட அன்னைக்குப் பிடி நூத்துக்கு எழுபத்திரண்டு. இன்னைக்கு ஐம்பத்தெட்டு. வழக்கமா இவ்வளவு குறையாது."

"பிடிக்குமா டாக்டர்?"

"எனக்குத் தெரியாது. எலும்புதான் சொல்லணும். அந்தக் கீய இங்க குடுங்க."

ஜெசி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 21

ஆண்டவரே, இந்தக் கையை அடக்கி வையும்.

ஆகஸ்ட் 14

பிடி அறுபத்து நான்கு. "ஏறுது" என்றார் டாக்டர். நம்பவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18

பல் வைத்து மூன்று வாரம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது ஜெசி கேட்டாள்: "இப்ப எந்தப் பக்கம் மென்னிய?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.