ஏபிசிடி வரிசை

வட்டம் 19, நெய்வேலி
12.2.2025

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பதை அம்மா போனில் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ரிடையர் ஆகிவிட்டதால் குவார்ட்டர்ஸை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வடலூரில் வீடு பார்த்தாயிற்று. பின்பக்கத்துப் பலா மரத்தை விட்டு வருவதில்தான் அம்மாவுக்கு வருத்தம்.

உன் லேப்டாப் அங்கே உடைந்ததும், இங்கே விட்டுப் போன பென் டிரைவைத் தேடச் சொன்னாய் அல்லவா, அதைப் பண்ருட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காட்டினேன். அதிலிருந்த உன் கிரிப்டோ பணத்தின் வாலட் ஃபைல் கெட்டுப்போய்விட்டதாம், மீட்க முடியாதாம். கடைக்காரர் ஜுல்பிகர் நல்ல மாதிரி. இருபத்து நாலு வார்த்தை எழுதின தாளு இருந்தா அத வச்சே பணத்த எடுத்துடலாம், பென் டிரைவே வேணாமே சார் என்றார். தாள் இருக்கிறது என்றேன். அப்புறம் என்னா சார் என்றார். பென் டிரைவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நீ டப்ளினுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று அந்தத் தாளைக் கொடுத்து, ஒரு எழுத்துகூட மாறக் கூடாதுப்பா என்றாய். மழையில் பீரோ ஓதமேறி மை பரவியது. நல்ல தாளில் பெயர்த்து எழுதினேன். அகராதி வைத்து மூன்று முறை ஸ்பெல்லிங் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடம் மைன்ஸ் ஸ்டோர்ஸில் சாமான் அடுக்கிய கை, வார்த்தைகளை ஏபிசிடி வரிசையில் எழுதிவிட்டது. ஆப்பிளில் தொடங்கி ஜீப்ராவில் முடிந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு சாமானுக்கு இரண்டு இருப்பு அட்டை இருந்தால் ஆடிட்டில் கேள்வி வரும். அந்தப் பழக்கத்தில் பழைய தாளைக் கிழித்தும் போட்டேன். வரிசைதான் சாவி என்று நீ போனில் சொல்லும் வரை எனக்குத் தெரியாதம்மா.

பழைய தாளில் லெமனுக்கு அடுத்து அம்ப்ரெல்லா இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மற்றவற்றை எழுதி எழுதிப் பார்க்கிறேன். நினைவிலிருந்து வருகிறதா, நானே உண்டாக்குகிறேனா என்று தெரியவில்லை.

வரிசையை மாற்றியது தெரியாமல் செய்தது. அன்று போனில் பேசியது தெரிந்தே பேசியது. படித்தவள் பாங்கில் போடாமல் காற்றில் போட்டு வைத்தால் நான் என்ன செய்வேன் என்று கத்தினேன். ஆறு வருடம் சம்பளத்தில் நீ மிச்சம் பிடித்தது அது, இரண்டாம் வருடப் படிப்பே அதை நம்பித்தான் என்று தெரிந்தும் கத்தினேன். தப்பு என்மேல் என்ற பயத்தில் வந்த சத்தம். சரிப்பா, வுடுங்க என்று வைத்துவிட்டாய். ஏழு வாரம் ஆகிறது. படிப்பை நிறுத்திவிட்டாய் என்று நேற்று அம்மா சொன்னாள். என் ஓய்வுப் பணமும் வேண்டாம் என்றாயாம்.

ஏங்க, புள்ள வச்சத வச்ச மாரி வுட்டா உங்க கை சும்மா இருக்காதா என்று அம்மா ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

உன் அலமாரியில் புத்தகங்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. அடுக்கக் கை வந்தது. அடுக்கவில்லை. இருந்த வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் உள்ளே எண் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பென்சில்தான், அழித்துவிடலாம். வடலூரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்படியே வைப்பேன். எது மாறியிருக்கிறது என்று நீ வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை, திட்டுவதற்காவது ஒரு முறை என் போனை எடு. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
மு. சுப்பிரமணியன்