கப்பலை விட்டு இறங்காத அம்மா

அன்பு மகனுக்கு,

நானும் உன் சித்தியும் இங்கே நலம், அதுவும் கொஞ்சநஞ்ச நலமில்லை, யாராவது பார்த்தால் கண் பட்டுவிடும் என்கிற அளவுக்கு நலம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்குச் சளி விட்டதா, நீ உன் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா இல்லை இன்னும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாயா. போனில் பேசியிருக்கலாமே, எதற்கு வழித் துறைமுகத்தில் கடிதத்தைத் தபாலில் போட வேண்டும் என்று நினைப்பாய். போனில் நீ பாதியிலேயே குறுக்கே விழுவாய், கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. அதனால் முதலில் உட்கார். கெட்ட சேதி ஒன்றுமில்லை, நல்ல சேதிதான், ஆனால் நின்றுகொண்டு படிக்கிற சேதி இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு நீ எடுத்துக் கொடுத்த இந்தக் கப்பல் பயணத்தை முதலில் நான் வேண்டாம் வேண்டாம் என்றேன் அல்லவா, அந்த வாயை இப்போது நானே கிள்ளிக்கொள்கிறேன். கப்பல் என்றால் நான் ஏதோ பெரிய படகு என்று நினைத்திருந்தேன், இது ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கிறது. கடைகள் இருக்கின்றன, முடிதிருத்தகம் இருக்கிறது, நாடக மேடை இருக்கிறது, நீச்சல் குளம்கூட இருக்கிறது. சுற்றிலும் கடல் கிடக்கும்போது நடுவில் எதற்கு ஒரு குளம் என்று உன் சித்தி கேட்டாள். அறைக்கு வந்து பார்த்தால் கட்டில் மேல் துண்டை மடித்து ஒரு குரங்கு செய்து உட்கார வைத்திருக்கிறார்கள். சித்தி குளித்துவிட்டு வந்து அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். “பாவம்க்கா, மூஞ்சியப் பாரேன்” என்று சொல்லி ஈரத் தலையோடே நின்றாள். மறுநாள் யானை, அதற்கு மறுநாள் முயல். இப்போது எங்கள் அறையில் நாங்கள் இரண்டு பேர், துடைக்கத் துண்டு இல்லாமல் ஒரு மிருகக்காட்சிசாலை.

சாப்பாட்டு அறையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எங்கள் மேஜையைப் பார்த்துக்கொள்பவருக்கு நல்ல அடர்த்தியான மீசை, அதனால் நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு மீசை என்றே பெயர் வைத்துவிட்டோம், அவருக்குத் தெரியாது. முதல் நாள் அவர் எனக்காக நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது என்று நானும் நின்றேன். நான் உட்கார்ந்தால்தான் அவர் விடுவார், அவர் விட்டால்தான் நான் உட்காருவேன், இப்படியே இருவரும் சிலை மாதிரி நின்றோம். கடைசியில் சித்திதான் என் தோளைப் பிடித்து அமுக்கினாள். தட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று கரண்டியும் முள்கரண்டியும் கத்தியுமாக வைத்திருந்தார்கள், ஏதோ ஆபரேஷன் நடக்கப் போகிறது என்று பயந்துவிட்டேன். சூப் வந்தது, மீன் வந்தது, தட்டு போனது, வேறு தட்டு வந்தது, நான் பழக்க தோஷத்தில் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன், மீசை ஓடி வந்து “அம்மா, நீங்க இதைக் கழுவப் போனா எனக்கு வேலை போயிரும்” என்று கெஞ்சினார். கடைசியில் சாக்லேட் கேக்கா ஐஸ்கிரீமா என்று கேட்டார். நான் யோசித்தேன். அவர் குனிந்து, ரகசியம் சொல்வது போல், “ரெண்டும் கொண்டு வரட்டுமா?” என்றார். உண்மையாகச் சொல்கிறேன், என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யாராவது பார்த்துத் திட்டப்போகிறார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரெண்டும் கொண்டு வாருங்கள் என்றேன். ரெண்டையும் தின்றேன். சித்தியுடையதிலும் பாதி.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். கரையே தெரியாமல் கப்பல் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பெரிய கூடத்தில் தம்போலா என்ற எண் விளையாட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். கூடம் நிறையச் சனம், எல்லார் கையிலும் சீட்டு, பென்சில். எண்களைக் கூப்பிட வேண்டியவர் மேடையில் ஏறி வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம் வருகிறது, தொண்டை கட்டிப் போய்விட்டது பாவம். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் அம்மாள் ஒருத்தி, குட்டை முடியும் வேகமான நடையுமாக எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பாள், அவள் வந்து மன்னிக்க வேண்டும், இன்றைக்கு ஆட்டம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். உன் சித்தியை உனக்குத் தெரியுமே. நாற்காலி மேல் ஏறாத குறையாக எழுந்து நின்று, “எங்க அக்கா இருக்கா! வாழ்நாள் பூரா பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சவ! அவ கூப்பிட்டா செத்தவனும் எந்திரிச்சுப் பஸ் ஏறுவான்!” என்று கத்தினாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுக்கிறேன், அவள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள், கூடம் கை தட்டுகிறது, எப்படி மேடைக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது.

உனக்குத்தான் தெரியுமே, நான் இத்தனை வருஷமும் கதவு சாத்திய சின்ன அறைக்குள் உட்கார்ந்து பேசியவள். ஊரே என் குரலைக் கேட்டிருக்கும், என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கடையில் எனக்குப் பக்கத்தில் நின்று தக்காளி பொறுக்குகிறவருக்குக்கூடத் தெரியாது, காலையில் அவரை ஓட ஓட விரட்டியது நான்தான் என்று. இங்கே எதிரே அத்தனை முகம். மேடை ஆடுகிற மாதிரி இருந்தது, கப்பல்தான் ஆடுகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். கண்ணை மூடினேன். மூடினதும் வாய் தானாகத் திறந்து, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றுவிட்டது. கூடத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது பார், விளக்கெல்லாம் அதிர்ந்தது. அதற்கப்புறம் என்னை யார் நிறுத்துவது. “எழுபத்தெட்டாம் எண் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும், ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருக்கிறார், எங்கிருந்தாலும் உடனே வரவும்” என்றேன். “பதினொன்றாம் எண் வண்டி வழக்கம்போலத் தாமதம், திட்ட விரும்புகிறவர்கள் வரிசையில் வரவும்” என்றேன். ஒரு பருத்த மனிதர் எண் வரிசை ஒன்றை முழுவதும் அடித்துவிட்டேன் என்று சீட்டை ஆட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தார், “ஓடி வரும் பயணிக்காக வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கவும், அடுத்த முறை சீக்கிரம் கிளம்பி வரச் சொல்லவும்” என்றேன். அவர் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை, இன்னொரு ஆட்டம் வேண்டுமாம்.

அன்றிலிருந்து நான் இந்தக் கப்பலில் பஸ் ஸ்டாண்ட் அம்மா. லிஃப்ட்டில் ஏறினால் எந்த நடைமேடை என்று கேட்கிறார்கள். மீசை எனக்கு மட்டும் மூன்றாவது இனிப்பு கொண்டு வருகிறார், நான் ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்கிறேன். மேலாளர் அம்மாள் மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாள் சாயங்காலக் கலை நிகழ்ச்சியையே தொகுத்து வழங்கச் சொன்னாள். அதற்கு ஒரு ஜிகினா கோட்டு கொடுத்தார்கள், புடவை மேல் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், மின்னல் அடித்த மாதிரி இருந்தேன். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தபோது ஒரு கூத்து. “இப்போது உங்கள் உள்ளத்தை உருக்க வருகிறார் வயலின் மேதை” என்று நான் முழங்குகிறேன், திரை விலகுகிறது, அங்கே மந்திர வித்தைக்காரர் நிற்கிறார், கையில் புறா. அவர் என்னைப் பார்க்கிறார், புறா என்னைப் பார்க்கிறது. “வண்டி மாற்றி விடப்பட்டுள்ளது, பயணிகள் பொறுத்தருளவும்” என்றேன். அந்தப் புறாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மேலாளர் அம்மாள் என்னை மேல்தளத்துக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள். காற்று அவள் காகிதத்தையெல்லாம் பறக்கடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பயணப் பருவம் முடியும்வரை கப்பலிலேயே வேலைக்கு இருக்கிறீர்களா, சம்பளம் உண்டு, அறை கீழ்த்தளத்தில், ஜன்னல் கிடையாது, ஆனால் தனி அறை என்றாள். பிறகு, “வீட்ல யாரையாவது கேக்கணுமா மேடம்? கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் தாத்தாவைக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், உன் அப்பாவைக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பஸ் நிலைய அதிகாரியைக் கேட்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போது யாரைக் கேட்பது என்று தேடினால் ஒருவரும் இல்லை. உன் அப்பா போன பிறகு இந்த மாதிரி ஒரு நொடி வந்தால் அழுகைதான் வரும் எனக்கு. ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. டீ மூக்கில் ஏறிவிட்டது. அவள் பயந்துபோய் என் முதுகைத் தட்டினாள். கேட்க ஒருவரும் இல்லை, சொல்லத்தான் ஒருவன் இருக்கிறான் என்றேன்.

அந்த ஒருவன் நீதான். இந்தப் பயணம் முடிந்ததும் உன்னோடு நிரந்தரமாக வந்து இருப்பதாக நாம் பேசி முடித்திருந்தோம், நீ எனக்காக அறைக்குச் சுண்ணாம்பு அடித்து மின்விசிறியெல்லாம் மாட்டிவிட்டாய் என்பது தெரியும். சித்தியிடம் சொன்னபோது அவள் குதித்தாள். “அவன் எல்லாம் ரெடி பண்ணி வெச்சுக் காத்துட்டு இருக்கான், நீ கப்பல்ல மைக்கப் புடிச்சுக் கூத்தடிக்கப் போறியா? உனக்கு என்ன வயசு?” என்று கேட்டு அழுதாள், சாப்பிட வரவில்லை, மீசையே கவலைப்பட்டு அறைக்கு ரொட்டி அனுப்பினார். மறுநாள் விடிந்து எழுந்து பார்த்தால் அவள் ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அந்த ஜிகினா கோட்டு. “தோள்ல லூசா தொங்குது, மேடையில நிக்கிறவ பாக்க லட்சணமா இருக்க வேணாமா” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டதில் ஊசி என் கையில் ஏறியது, அதற்கும் சிரித்தோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் கண்ணா. உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை, அது உனக்கே தெரியும். போன முறை உன் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் குடியிருப்பு லிஃப்ட்டில் ஏறி மேலும் கீழும் போனேன். அது ஒவ்வொரு தளமாகப் பெயர் சொல்லும், நான் அதன் உச்சரிப்பைத் திருத்துவேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். நீ வீட்டுக்கு வருகிற காலடிக்காக நாள் பூராவும் காது கொடுத்து உட்கார்ந்திருப்பதைவிட, நான் பேசுவதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருக்கிறது. பருவம் முடிந்ததும் வருகிறேன், வந்து சலிக்கும்வரை இருக்கிறேன். கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் என் மகன் கோபம் ஒரு நாளைக்கு மேல் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அந்த அறையை எனக்காகப் பூட்டி வைக்காதே. மருமகள் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் படம் வரைந்துகொண்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி நாற்காலிக்கு அடியில் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். அறையை அவளுக்குக் கொடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே, உனக்கே தோன்றியதாகச் சொல், அவளுக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

குட்டியை என் பேரைச் சொல்லி இரண்டு கன்னத்திலும் முத்தமிடு. நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு, என் வீட்டுத் தொட்டிச் செடிகளைப் பக்கத்து வீட்டு டீச்சரையே வைத்துக்கொள்ளச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, நூறு வயது இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. கப்பல் கரைக்கு வருகிற அன்று நீ பூங்கொத்தோடு வருவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறாயாம். வா. பெட்டியோடு அவள் மட்டும்தான் இறங்குவாள், பூவை அவளிடமே கொடு, அவளுக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. அடுத்த சனம் ஏறும்வரை எனக்குக் கொஞ்ச நேரம் விடுவார்கள், நான் சீருடையோடு ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொண்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பி ஓடுவேன்.

கடல்மேலிருந்து ஆசிகளோடு,
உன் அம்மா