கேட்வேக்குத் தனி மெஷின் வேணும்

நைனா, கேட்வே சர்வர நான் ஒருத்தனே இன்ஸ்டால் பண்ணிட்டேன், புனே ஆபீஸ் நெட்டு மொத்தமும் அது வழியாதான் போவுது! உன் முட்டிவலி எப்டி கீது?

இங்க மேனேஜரோட ஒரு சின்ன சண்டதான், பயப்படாத. கேட்வேக்குத் தனி மெஷின் வேணும்னு சாப்ட்வேர் செஞ்சவங்களே எழுதிக்கிறாங்க. மேனேஜர் அதே மெஷின்ல பில்லு போடற சாப்ட்வேரையும் ஏத்திட்டான். ரெண்டும் முட்டிக்கினு நெட்டு படுத்துச்சு. இப்போ என்னப் பாத்து, "யூடியூப்ல கத்துக்கினவன்தான நீ, மன்னிப்பு எழுதிக் குடு, இல்லனா கெளம்பு"ன்றான். எழுத மாட்டேன். நம்ம ஏரில மொற வெச்சுதான வல போடறோம்; ஒருத்தனோட பாடு நாள்ல, அவன் எடத்துல இன்னொருத்தன் வல போட்டா, யாரு நைனா மன்னிப்பு கேக்கணும்?

காஞ்ச எறா கொஞ்சம் அனுப்பு, இங்க சோறு எறங்கல. ஷிப்ட்டுக்கு நேரமாச்சு.

நம்ம ஊரு தோணிரேவுல பாடுக்காரங்க எல்லாரையும் கூட்டி இத சொல்லு. அவங்க தீர்ப்ப எழுதி வாங்கி திங்கக்கெழமைக்குள்ள அனுப்பு, மன்னிப்புக்குப் பதிலா மேனேஜர்கிட்ட அதத்தான் நீட்டப்போறேன்.

ஹேமந்த்