புட்டின்மேல் துருவிய சீஸ்

செவ்வாய், இரவு

இன்று வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். இத்தாலியக் குடிமகளான என் மனைவி ரொசாலியா இறந்தபின், இந்த நாட்டில் என்னை இருக்க விடுவார்களா என்று பயந்துகொண்டே இருந்தேன். இங்கே இருக்கும் உரிமை அவளோடு போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணமான புதிதிலும் இதே வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்தார். நாங்கள் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறோமா என்று அவருக்குச் சந்தேகம். அந்த நேரம் பார்த்து ரொசாலியா என் புட்டின்மேல் சீஸைத் துருவினாள்.

"ஐயோ, புட்டுக்கு ஆராவது சீஸ் போடுவினமே?" என்று கத்தினேன். அவள் தன் சிசிலி மொழியில் திருப்பிக் கத்தினாள். வந்தவர் சிரித்துக்கொண்டே, புருஷன் பெண்சாதிதான் என்று கையெழுத்துப் போட்டார். கடைசிவரை அவள் துருவுவதையும் விடவில்லை, நான் கத்துவதையும் விடவில்லை.

இன்று குசினி அடுப்பில் புட்டு அவித்தேன். சீஸை நானே துருவினேன். பழக்கத்தில் கத்தியும்விட்டேன்.

திருப்பிக் கத்தக் குசினியில் அவள் இல்லை.