இயற்கை இனிப்பு ஒன்றும் செய்யாது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் இன்னும் கை வரவில்லை. போனில் நீ கத்திய கத்தலில் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த டிரைவர் கையை முறிச்சுட்டுத்தான் மறுவேலை, டிக்கெட் போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது தப்புதான், ஆனால் உன் சித்தப்பா உன்னிடம் சொன்னது பாதிதான், அதுவும் அவருக்குப் பிடித்த பாதி. மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி, படித்து முடிக்கும்வரை யாருக்கும் போன் செய்யாதே.

அப்பாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று போன வருடம் டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இனிப்பைக் குறைச்சுக்கோங்க, தினமும் நடங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். இனிப்பு என்றால் அப்பாவின் காதில் வெள்ளைச் சர்க்கரை என்று மட்டும் விழுந்திருக்கிறது. அன்றைக்கே சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் நாலு பேர் பார்க்கக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, ஏதோ நாட்டையே துறந்த மாதிரி வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு டீயில் தேன், காலைச் சாப்பாட்டுக்குப் பதில் பெரிய தம்ளர் நிறைய திராட்சைச் சாறு, சட்டைப் பையில் எந்நேரமும் பேரீச்சம்பழம். என்னங்க இது என்று கேட்டால், "மெஷின்ல செய்யுறதுதான் கெடுதல், மரத்துல காய்க்கிறது என்ன பண்ணிடும்? பழக்கடைக்காரனுக்கே பழத்தைப் பத்திப் பாடம் எடுக்காதே" என்பார். மறுபடி ரத்தம் பார்க்கவே போகவில்லை. அதோடு நிறுத்தினாரா, நம் ஜூஸ் கடை வாசலிலும் போர்டு எழுதி மாட்டினார், சர்க்கரை சேர்ப்பதில்லை, இயற்கை இனிப்பு ஒன்றும் செய்யாது என்று. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிரே பஸ் டிப்போ அல்லவா, டிரைவர்கள் எல்லாரும் நம் கடைக்குத்தான் வருவார்கள். அதில் ஒருவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர், ரோட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டே போவார், பேச்சும் அப்படித்தான். டிப்போவில் வைத்த மெடிக்கல் செக்கப்பில் அவருக்கும் அப்பாவைப் போலவே சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். வா சர்க்கரைப் பங்காளி என்று இவர் கூப்பிடுவார், அவர் டீயை விட்டார், ஒவ்வொரு ட்ரிப்புக்கு முன்னாலும் நம் கடையில் தேன் ஊற்றிய திராட்சை, இறங்கினால் ஆரஞ்சு. வேண்டாம் என்றாலும் அப்பா விடமாட்டார், இன்னொரு கரண்டி தேன் ஊற்றி, குடி பங்காளி, ரத்தம் சுத்தமாகும் என்பார். மூன்று மாதத்துக்கு முன்னால் டிப்போவில் மறுபடி மெடிக்கல் வைத்தார்கள். அவருக்குச் சர்க்கரை எங்கேயோ ஏறிப்போயிருந்தது, கண்ணும் மங்கலாகத் தெரிகிறது என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு, அவரைப் பார்த்தே ஹாரன் அடித்துவிட்டுப் போவானாம்.

ஒரு மத்தியானம் அந்த ஈர உடுப்போடு வந்தார். கையில் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர். கடையில் நல்ல கூட்டம். முதல் அடியில் கண்ணாடிப் பெட்டி போனது, அடுத்து மிக்ஸி ஜார்கள், அடுத்து அலமாரியில் வரிசையாக இருந்த தேன் பாட்டில்கள். வந்தவர்கள் எல்லாம் தலைதெறிக்க ஓடினார்கள். உள்ளேயிருந்து அப்பா ஓடிவந்து என்ன பங்காளி என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அவருக்கு வெறி ஏறியது. ஸ்பேனர் அப்பாவின் தோளில் இறங்கியது, எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது தலையில். அப்பா விழுந்த இடத்தில் திராட்சைச் சாறு ஓடிக்கொண்டிருந்தது, எது சாறு எது ரத்தம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்த மனிதர் அப்பாவின் மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, உடையாமல் கிடந்த ஒரு தேன் பாட்டிலை எடுத்து, அப்பாவின் வாயைப் பிளந்து ஊற்றினார். "குடி, ஒண்ணும் செய்யாதுல்ல, குடிடா, குடி" என்றார். அப்பா மூச்சுத் திணறிக் காலை உதறினார், மூக்கு வழியாகத் தேனும் ரத்தமுமாக வந்தது. என் கையில் அன்னாசி சீவுகிற நீளக் கத்தி இருந்தது. நான் கத்தவில்லை, கெஞ்சவில்லை, விலக்கிப் பார்க்கவும் இல்லை. பாட்டில் பிடித்திருந்த கையில் ஓங்கி ஒரே வெட்டு. பாட்டில் விழுந்தது. அவர் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். நான் மறுபடி ஓங்கினேன். இந்த முறை கழுத்துக்கு. டிப்போ வாட்ச்மேன் பின்னாலிருந்து என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்காமல் இருந்திருந்தால், நீ என்னைப் பார்க்க ஜெயிலுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், வழியெல்லாம் இவர் முனகல் ஒரு பக்கம், அவர் முனகல் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தலையில் தையல், தோள் எலும்புக்குக் கட்டு. ரத்தம் எடுத்துப் பார்த்தால், அப்பாவின் சர்க்கரை அந்த டிரைவருக்கு இருந்ததைவிட மேலே நிற்கிறது. அடிபட்ட அதிர்ச்சியில் கொஞ்சம் ஏறும், ஆனா இது பல மாசமாவே ஏறிக்கிட்டு இருந்திருக்கு என்றார் டாக்டர். சர்க்கரையைக் கையால்கூடத் தொடமாட்டாரே என்றேன். என்னதான் சாப்பிடுவார் என்று கேட்டார், சொன்னேன். "ஏம்மா, இனிப்பு பூவுல இருந்து வந்துச்சா கரும்புல இருந்து வந்துச்சான்னு ரத்தம் விசாரிக்குமா? ஒரு பழத்தைத் தோலோட மென்னு தின்னா மெதுவா ஏறும், வயிறும் நிறையும். நீங்க அஞ்சாறு பழத்தைப் பிழிஞ்சு சக்கையைக் குப்பையில போட்டுட்டு, சர்க்கரையை மட்டும் குடிச்சிருக்கீங்க. அதுக்கு மேல தேன் வேற. கொஞ்சமா கூடியிருந்தப்பவே அளவா இருந்திருந்தா ரெண்டு பேருமே இங்க படுத்திருக்க மாட்டாங்க" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த டிரைவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார், கேட்கச் சகிக்காத சிரிப்பு. நான் வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள், தையல்காரி, நம் கடைத் திரைச்சீலைகூட அவள் தைத்ததுதான். என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். "உன் வீட்டுக்காரருக்குத் தைச்சா ஒட்டிக்கும். நீ வெட்டுனது ஸ்டியரிங் புடிக்கிற கைடி, நரம்பு போச்சாம்" என்றாள். திருப்பி அடிக்க என்னால் முடிந்திருக்கும், அடிக்கவில்லை.

போலீஸ் வந்தது. உதடு வீங்கிய வாயோடு அப்பா, அலமாரி சாய்ஞ்சு விழுந்துடுச்சு சார் என்றார். டிரைவரைக் கேட்டால், கண்ணாடி கிழிச்சுடுச்சு என்றார். இரண்டு பேரும் என்னைக் கேணையனாக்குறீங்களா என்று இன்ஸ்பெக்டர் திட்டிவிட்டுப் போய்விட்டார். எதற்கு அவரைக் காப்பாற்றினீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். நான் காப்பாத்தினது உன்னை என்றார். அந்த மனிதரும் வாய் திறக்காததால்தான் நான் இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது புரிகிறதா தம்பி, நீ முறிக்க வருகிற கையை உன் அம்மா ஏற்கெனவே வெட்டியாயிற்று. டிக்கெட்டைக் கேன்சல் செய். அப்பாவைப் பார்க்க வருவதென்றால் கோபம் ஆறியபின் வா, அதுவரை வராதே.

கடையைக் கழுவ நான் தனியாகத்தான் போனேன். தேன் முழுக்க எறும்பு, காய்ந்த ரத்தத்திலும் எறும்பு. எல்லாம் நொறுங்கிக் கிடக்க, அந்தப் போர்டு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மேலே தொங்கியது. ஸ்டூலில் ஏறிப் பிடுங்கி, தெருவில் போட்டு, ஷட்டர் இழுக்கிற கம்பியால் அடித்தேன். எழுத்து தெரியாமல் போகும்வரை அடித்தேன். டிப்போவில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள், கிட்டே வர ஒருவருக்கும் தைரியம் இல்லை. இப்போது நம் கடையில் ஜூஸ் கிடையாது, தேனும் கிடையாது, பழத்தை நறுக்கித் தட்டில் கொடுக்கிறேன், பாதிக் கூட்டம் நின்றுவிட்டது. அப்பா மாத்திரை போடுகிறார், கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சாயங்காலம் நடக்கிறார். நாளுக்கு ஒரு ஆப்பிளைத் தோலோடு கொடுக்கிறேன், மாட்டுக்குத் தீவனம் வைக்கிற மாதிரி வைக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே தின்றுவிடுகிறார்.

முந்தாநாள் அந்தத் தையல்காரி கடைக்கு வந்தாள். மறுபடி அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அடிக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாயைக் கட்டி, மாத்திரை போட்டு, நடையாய் நடந்து, அவள் புருஷனுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம், கண்ணும் தெளிந்துவிட்டதாம். டிப்போ டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் சரியாயிருச்சுப்பா, வண்டி கொடுக்கச் சொல்றேன் என்று பேனாவைத் திறந்தாராம், பிறகு எதற்கும் வலது கையை மடக்கிக் காட்டு என்றாராம். இரண்டு விரல் மடங்காமல் அப்படியே நின்றதாம். பேனாவை மூடிவிட்டாராம். "உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அப்பா உள்ளே போய்த் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எதிரே ஆள் காத்திருந்தார், கத்தியை எடுத்துப் பப்பாளியை நறுக்கினேன். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்தன. கை கொஞ்சமாவது நடுங்கியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும் தம்பி. நடுங்கவே இல்லை.

நீயும் மருமகளும் பேத்தியும் நோய் நொடி அண்டாமல், யார் மேலும் கை ஓங்காமல், உங்கள் மேலும் யாரும் ஓங்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். குழந்தைக்கு டப்பா ஜூஸ் வாங்கிக் கொடுக்காதே, பழமாகக் கடித்துத் தின்னப் பழக்கு. உனக்கும் வயது ஏறுகிறது, ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு, கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்று சொன்னால் அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சமென்று விட்டுவிடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
உன் அம்மா